நாள் பார்த்து எடுக்க வேண்டிய பொருட்கள்: மாதவிலக்கும் குடல் எரிச்சலும்

என் படுக்கையறை அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. அதற்குள் ஓர் இசப்கோல் டப்பா, மின்சார ஒத்தடப் பட்டை, ரப்பர் வெந்நீர்ப் பை, வயிற்றுவலி மாத்திரை அட்டை ஒன்று, புதினா எண்ணெய்க் குளிகைகள், ஓம வாட்டர் பாட்டில், நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆகியவை கிடக்கின்றன. மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் குடல் எரிச்சல் நோய் எனக்கு இருப்பது உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன; மாதவிலக்கை ஒட்டிய பத்து நாட்களில் அது ஆடும் ஆட்டம் தனி என்பதை நான் கண்டுகொண்டு எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. இந்த எட்டு மாதங்களில் கூடைக்குள் வந்து சேர்ந்த பொருட்களையும், இடையில் பணம் கட்டிப் பெற்ற இரண்டு உணவு ஆலோசனைச் சேவைகளையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் நானும் எல்லோரையும் போல மற்றவர்களின் மதிப்புரைகளைப் படித்தேன். இசப்கோலுக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்; அதே டப்பாவுக்கு அடுத்தவர் வயிறு பானையாக ஊதிவிட்டது என்று ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், இருவரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றும், எந்த நாளில் சாப்பிட்டார்கள் என்பதைத்தான் இருவரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றும் தோன்றுகிறது. என் வயிற்றைப் பொறுத்தவரை, மாதவிலக்குச் சுழற்சியின் இருபதாம் நாளில் வரம்போல் வேலை செய்யும் ஒரு பொருள், இரத்தம் காணும் முதல் நாளில் வேலைக்காகாது. முதல் நாளில் காப்பாற்றும் மாத்திரையை இருபத்தைந்தாம் நாளில் போட்டால் மூன்று நாட்களுக்குக் கழிப்பறையில் தவம் கிடக்க வேண்டியதுதான்.

இதற்கான காரணத்தை என் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கருமுட்டை வெளியான பிறகு உடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயர்கிறது. அது குடல் போன்ற உள்ளுறுப்புகளின் மென்தசைகளைத் தளர்த்தும் தன்மை கொண்டது என்பதால், அந்த இரண்டு வாரங்களில் பலருக்குக் குடலின் ஓட்டம் மந்தமாகி, மலச்சிக்கலும் உப்புசமும் தலைகாட்டுகின்றன. மாதவிலக்கு நெருங்கும்போது அந்த ஹார்மோன் சட்டென்று இறங்க, கருப்பையின் உட்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தத்தை வெளியேற்றும் அதே பொருட்கள், பக்கத்து வீட்டில் இருக்கும் குடலையும் சும்மா விடுவதில்லை. அதனால்தான் நான்கு நாட்கள் இறுகிக் கிடந்த வயிறு, முதல் நாள் காலையில் நான்கு முறை போகிறது. குடல் எரிச்சல் இல்லாத பெண்களுக்கும் இது ஓரளவு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் குடலின் உணர்திறனே மாதவிலக்கு நாட்களில் கூடிவிடுவதால், மற்றவர்களுக்கு முணுமுணுப்பாகக் கேட்பது எங்களுக்குக் கூச்சலாகக் கேட்கிறது.

ஆகவே, கூடையில் உள்ளவற்றில் மிக மலிவான அந்த நாற்பது பக்க நோட்டையே முதலில் சொல்ல வேண்டும். விலை இருபது ரூபாய். இரத்தம் காணும் நாளை ஒன்று என்று வைத்து, நாள்தோறும் ஒரு வரி எழுதுகிறேன்: சுழற்சியின் எத்தனையாவது நாள், மலம் எந்த வகை, வலி பத்துக்கு எவ்வளவு, வழக்கத்துக்கு மாறாக என்ன சாப்பிட்டேன், என்ன மருந்து போட்டேன். மலத்தின் வகைக்கு எண் கொடுக்க, பிரிஸ்டல் அட்டவணை என்ற ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கிய இந்த அட்டவணை 1997இல் ஓர் ஆய்விதழ் வழியே பரவலாகத் தெரியவந்தது. ஆட்டுப் புழுக்கை போன்ற கெட்டி உருண்டைகளுக்கு ஒன்று, வெறும் தண்ணீருக்கு ஏழு, மூன்றும் நான்கும் இயல்பு. தொடக்கத்தில் இதை எழுதக் கூச்சமாக இருந்தது. வீட்டில் யாரேனும் பிரித்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, அட்டையில் ‘பால் கணக்கு’ என்று எழுதி வைத்தேன்.

மூன்று மாதங்கள் எழுதிய பிறகு அந்த எண்களே பேசத் தொடங்கின. பதினெட்டாம் நாள்வரை மூன்று, நான்கு. இருபதிலிருந்து இருபத்தெட்டுவரை ஒன்று, இரண்டு. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஆறு, ஏழு. நான்காம் நாளில் மீண்டும் நான்கு. எட்டுச் சுழற்சிகளில் ஆறில் இந்த ஓட்டம் மாறவில்லை. பிசகிய இரண்டில் ஒன்று நான் ஆசிரியராக இருக்கும் பள்ளியில் பொதுத்தேர்வு நடந்த மாதம், மற்றொன்று ஒரு திருமணத்துக்காக மூன்று நாட்கள் பேருந்திலும் மண்டபத்திலும் கழிந்த மாதம். மாதவிலக்கைக் கணக்கிட்டுச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றையும் இரண்டு மாதங்கள் வைத்திருந்தேன். அது தேதியைச் சரியாகவே சொன்னது, ஆனால் குடலுக்கென்று அதில் ஒரு கட்டமும் இல்லை. அதை நீக்கிவிட்டு நோட்டோடு நின்றுகொண்டேன்.

இனி இசப்கோல். கூடையில் உள்ளவற்றுள் நான் அதிகம் திட்டியதும் அதிகம் நம்புவதும் இதைத்தான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு சிறு செடியின் விதையை மூடியிருக்கும் உமி இது. உலகத்துக்கே இதைப் பெருமளவில் அனுப்பும் நாடு இந்தியா. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது என்றும், விதையின் வடிவத்தைப் பார்த்து ‘குதிரைக் காது’ என்று வைத்த பெயர் என்றும் சொல்வார்கள். இந்த உமி நீரில் கரையும் வகை நார்ச்சத்து. தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, கெட்டி மலத்தை இளக்குகிறது, நீர்த்த மலத்துக்கு உருவம் கொடுக்கிறது. குடல் எரிச்சலுக்குக் கரையும் நார்ச்சத்தைக் கொடுக்கலாம், கரையாத நார்ச்சத்து வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. நார்ச்சத்து நல்லது என்று யாரோ சொல்ல, இசப்கோலுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் கோதுமைத் தவிட்டைக் கஞ்சியில் கலந்து குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவள் நான் என்பதால், இந்த வேறுபாட்டை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உமியைப் போட்டுக் கலக்கினால் முதல் அரை நிமிடம் மரத்தூள் மிதப்பது போல் இருக்கும். இரண்டு நிமிடத்தில் ஜவ்வரிசிக் கஞ்சியாகும். ஐந்து நிமிடம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் கரண்டி நிமிர்ந்து நிற்கும். கலந்த கணமே குடித்துவிட்டு, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அது பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி. தண்ணீர் போதாவிட்டால் உமி தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. முதல் வாரத்தில் நான் ஆர்வக் கோளாறில் இரண்டு மேசைக்கரண்டியை அரைத் தம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தேன். மறுநாள் சேலைக் கொசுவத்தைச் செருக இடமில்லாத அளவுக்கு வயிறு ஊதியிருந்தது. மருத்துவர் சிரித்துவிட்டு, ஒரு தேக்கரண்டியில் தொடங்கி வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி கூட்டும்படி சொன்னார். இப்போது பதினாறாம் நாளிலிருந்து இரவில் இரண்டு தேக்கரண்டி. இரத்தம் கண்ட அன்று பாதியாகக் குறைத்துவிடுகிறேன். வயிற்றுப்போக்குக்கும் இது நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நல்லதுதான், ஆனால் வீங்கி வலிக்கும் அந்த நாளின் வயிற்றுக்கு எந்தப் பருமனும் பாரமாகிவிடுகிறது என்பது என் அனுபவம். மற்ற மருந்துகள் எதையும் இதோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவும் வேண்டும்.

வாங்கும்போது ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் மாதத்தில் வழக்கமான டப்பா இல்லை என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். முகப்பில் இசப்கோல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாம் இரவே வயிற்றை முறுக்கிப் பிழிந்தது. மாதவிலக்கு முன்கூட்டியே வந்துவிட்டது என்று நினைத்து நாட்காட்டியைப் பார்த்தால் இன்னும் ஆறு நாட்கள் இருந்தன. டப்பாவின் பின்புறத்தைப் படித்தபோதுதான் உள்ளே நிலாவாரை இலையும் கலந்திருப்பது தெரிந்தது. நிலாவாரை குடலைத் தூண்டிச் சுருங்கவைத்துப் பேதியாக்கும் மூலிகை; இசப்கோலோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பழுது டப்பாவின் மேல் மட்டும் அன்று, படிக்காமல் குடித்த என் மேலும்தான். ஆரஞ்சுச் சுவையூட்டிய பொட்டலங்களையும் முயன்றேன். குடிக்க எளிது, ஆனால் சிலவற்றில் உமியைவிடச் சர்க்கரை அதிகம். இசப்கோலின் ஆங்கிலப் பெயரான ‘சைலியம் உமி’ என்பதைத் தவிர வேறு பெயர் பொருட்பட்டியலில் இல்லாத வெற்று உமிதான் என் தேர்வு.

வெப்பத்துக்கு வருவோம். அம்மா காலத்திலிருந்து வீட்டில் இருப்பது ரப்பர் வெந்நீர்ப் பை. கொதிக்கும் நீரை ஊற்றாமல் சற்று ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டுத் திருகுமூடியை மூடினால் அடிவயிற்றில் சரியாகப் படியும். நிரம்ப ஊற்றினால் உருண்டு விழும். சில பைகளின் கழுத்துப் பகுதியில் பூவைப் போன்ற ஒரு முத்திரை இருக்கும். நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டைக் காட்டும். எங்கள் வீட்டுப் பையில் அதைத் தேடியபோது முத்திரையும் இல்லை, பையின் மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. அன்றே அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். ரப்பர் நாளாக ஆக மக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

மின்சார ஒத்தடப் பட்டை 850 ரூபாய். இடுப்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் துணிப்பட்டை, மூன்று நிலை வெப்பம், கையளவு சுவிட்ச். வெந்நீர் ஆறிப்போகும் கவலை இதில் இல்லை. ஒரே சூடு ஒரே இடத்தில் நிற்கிறது. வெப்பம் வெறும் ஆறுதல் அன்று. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 39 பாகை செல்சியஸ் வெப்பம் தரும் பட்டையை நாளொன்றுக்கு 12 மணி நேரம் கட்டியிருந்த பெண்களுக்கு மாதவிலக்கு வலியில் கிடைத்த நிவாரணம், இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணியை 400 மில்லிகிராம் அளவில் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்ததோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. அது கருப்பை வலியைப் பற்றிய ஆய்வு. ஆனால் முதல் நாளில் கருப்பை எது குடல் எது என்று என் வயிறு பிரித்துச் சொல்வதில்லை, சூடு இரண்டையும் சேர்த்தே தணிக்கிறது.

குறைகள் இரண்டு. நான் முதலில் வாங்கிய பட்டையில், நான்காம் மாதத்தில், கம்பி சுவிட்சோடு சேரும் இடம் தொட முடியாதபடி சூடானது. விற்றவர்கள் மூன்று மாத உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். இரண்டாவது பட்டையை, தானாக அணையும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். மற்றொரு குறை நானே தேடிக்கொண்டது: உயர் நிலையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்கியதில், அடிவயிற்றுத் தோலில் மீன்வலை விரித்தாற்போல் பழுப்புக் கோடுகள் விழுந்தன. தொடர்ந்து சூடு படும் தோலில் வரும் அடையாளம் அது என்றும், சூட்டைக் குறைத்தால் மெல்ல மறையும் என்றும் மருத்துவர் சொன்னார். இப்போது நடு நிலையில், உள்பாவாடைக்கு மேல், இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுக்கிறேன். கோடுகள் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பள்ளிக்கு இந்த இரண்டையும் கொண்டுபோக முடியாது. முதல் நாளும் காலை முதல் வகுப்பும் ஒன்றாக வரும்போது — எங்கள் மாணவிகள் இரண்டையும் ‘பீரியட்’ என்றே சொல்கிறார்கள், அதில் எனக்கு இப்போது ஒரு நியாயம் தெரிகிறது — உள்ளாடையின் மேல் ஒட்டிக்கொள்ளும் வெப்ப ஒட்டுகள் கைகொடுக்கின்றன. உள்ளே இரும்புத்தூள், கரி, உப்பு. உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும் வேதிவினையில் சூடு பிறக்கிறது. ஆறேழு மணி நேரம் நிற்கிறது. ஒன்று ஐம்பது ரூபாய்க்கு மேல், ஒரு முறைதான் பயன்படும், தூக்கியெறியும்போது மனம் உறுத்தும். மாதத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரையைப் பற்றி எழுதும்போது, இது மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெஃபெனமிக் அமிலம் 250 மில்லிகிராமும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை நம் ஊர்ப் பெண்கள் பலரின் கைப்பையில் இருக்கிறது. முதலாவது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே குறைக்கிறது. இரண்டாவது குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இந்த இணை முதல் நாளுக்கென்றே செய்தது போல் பொருந்துகிறது: வலி முற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல், தொடங்கும்போதே வயிற்றில் உணவோடு போட்டால் முக்கால் மணி நேரத்தில் என்னால் பேருந்தில் ஏற முடிகிறது. ஆனால் டைசைக்ளோமினுக்கு வாயை உலர்த்தும் குணமும், பார்வையை மங்கவைக்கும் குணமும், மலத்தை இறுக்கும் குணமும் உண்டு. இரண்டாம் வேளை போட்ட ஒரு பிற்பகலில் கரும்பலகையில் நானே எழுதியது எனக்கு இரட்டையாகத் தெரிந்தது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்து உப்புச வலிக்கு இதைப் போட்ட மாதங்களில், ஏற்கெனவே மந்தமாக இருந்த குடல் முற்றிலும் படுத்துவிட்டது. மெஃபெனமிக் அமிலமோ சிலருக்குத் தானே வயிற்றுப்போக்கை உண்டாக்கும், இரைப்பையையும் அரிக்கும்.

இதைச் சீட்டு இல்லாமல் அரை அட்டை, கால் அட்டை என்று வெட்டிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாக, காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்து உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அரிது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்களும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இதை விழுங்கக் கூடாது.

புதினா எண்ணெய்க் குளிகை முந்தைய வாரத்துக்கு உரியது. புதினாவில் உள்ள மென்தால் குடலின் மென்தசையைத் தளர்த்துகிறது, அதே வேளையில் டைசைக்ளோமினைப் போல் என் மலத்தை இறுக்கவில்லை என்பதால், இருபத்திரண்டாம் நாளிலிருந்து உணவுக்கு அரை மணி நேரம் முன் ஒன்று போடுகிறேன். மாலையில் வரும் உப்புச வலி பாதியாகிறது. குளிகையின் மேல் இரைப்பையில் கரையாத பூச்சு இருக்க வேண்டும், கடிக்கக் கூடாது, அமில முறிவு மருந்தோடு சேர்த்துப் போடவும் கூடாது. பூச்சு முன்னதாகவே கரைந்துவிட்டால் நெஞ்செரிச்சல் நிச்சயம். முதல் நாள் வயிற்றுப்போக்கின்போது போட்டால் குளிர்ந்தெரியும் அந்தப் புதினா கடைசி வாசல்வரை வந்து தன்னை அறிவித்துவிட்டுப் போகும் என்பதை மட்டும் நாகரிகமாகச் சொல்லி வைக்கிறேன். மாத்திரையைவிடப் பல மடங்கு விலை. நன்மை செய்யும் நுண்ணுயிரிப் பொட்டலங்களையும் இரண்டு மாதங்கள் வாங்கினேன். என் நோட்டில் ஓர் எண்கூட நகரவில்லை.

உணவு ஆலோசனைக்கு வருகிறேன். முதலில் நான் பணம் கட்டியது கைபேசி வழியே ஆலோசனை தரும் ஒரு சேவைக்கு. மூன்று அமர்வுகள், 2,400 ரூபாய். முதல் அமர்வின் முடிவில் பன்னிரண்டு பக்கப் பட்டியல் ஒன்று வந்தது. அதில் மேப்பிள் பாகும் அவகாடோவும் கினோவாவும் இருந்தன. சாம்பார் இல்லை, சின்ன வெங்காயம் இல்லை, இட்லி மாவு இல்லை. சின்ன வெங்காயம் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, ‘வெங்காயம் சிறியது என்றால் பரவாயில்லை’ என்று பதில் வந்தது. வெங்காயத்தின் உடல் அளவைப் பற்றி நான் கேட்கவில்லை. அதோடு, அந்தப் பட்டியலை ஆறு மாதங்கள் விடாமல் பின்பற்றும்படியும் சொன்னார்கள். அதுதான் உண்மையான பிழை.

அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான, ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை என்று பெயர்பெற்ற முறை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்துக் காற்றை உண்டாக்கும், ஃபாட்மேப் எனப்படும் சில மாவுச்சத்துகளை இரண்டு முதல் ஆறு வாரங்கள்வரை மட்டும் விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, நமக்கு எது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். விலக்குவதோடு நிறுத்திக்கொள்வது, நோய் கண்டறியும் சோதனையையே வாழ்நாள் பத்தியமாக்கிக்கொள்வதற்கு ஒப்பானது.

இரண்டாவதாக, என் மருத்துவரின் மருத்துவமனையிலேயே இருந்த உணவு வல்லுநரிடம் போனேன். அவர் நோட்டை வாங்கி, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் புரட்டினார். பிறகு கேட்ட முதல் கேள்வி: “ரசத்துல பூண்டை நசுக்கிப் போடுவீங்களா, தாளிப்புல போடுவீங்களா?” எனக்கு அப்போதே கட்டணத்தின் பாதி வரவாகிவிட்டது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் அந்த வகைதான்; அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே நசுக்கிய பூண்டு கொதித்த ரசத்தில் பூண்டை எடுத்து வைத்துவிட்டு நீரை மட்டும் குடிப்பதில் பயன் இல்லை, நல்லெண்ணெயில் முழுப்பூண்டை வதக்கி மணத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் சேர்க்கும் முன் பூண்டை வெளியே எடுத்துவிட்டால் ஆயிற்று. பெருங்காயம் சிட்டிகை அளவில் தடையில்லை. கொண்டைக்கடலை, ராஜ்மா, காலிஃப்ளவர், முந்திரி, டம்ளர் டம்ளராகப் பால், மாம்பழம் ஆகியவற்றை மாதம் முழுவதும் விலக்க வேண்டாம். நோட்டில் ஒன்றும் இரண்டும் தொடங்கும் இருபதாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை குறைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் வழக்கம்போல் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். இரண்டு மாதங்களில் உப்புச வலி ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியது. துவரம்பருப்பைவிடப் பாசிப்பருப்பு சிறிய அளவில் எனக்கு ஒத்துக்கொள்கிறது. சின்ன வெங்காயம் எந்த நாளிலும் ஒத்துக்கொள்ளவில்லை; அதற்காக ஒரு நாள் உண்மையாகவே வருந்தினேன்.

வீட்டு மருந்துகளில் ஓம வாட்டரும் பெருங்காயம் கலந்த மோரும் கெடுதல் செய்யாமல் தற்காலிக ஆறுதல் தருகின்றன. சுக்குக் காப்பியில் உள்ள சுக்கு குமட்டலுக்கு நல்லது, காப்பித்தூள் சேர்த்தால் முதல் நாளில் போக்கு கூடுகிறது. மாதாமாதம் பெரியம்மா அன்போடு கிண்டி அனுப்பும் உளுந்தங்களிதான் சங்கடம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க, இடுப்புக்குப் பலம் என்று அவர் அனுப்புகிறார்; ஒரு கிண்ணம் உளுந்து என் முதல் நாள் வயிற்றில் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை. பத்தாம் நாளில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். அன்று அது இனிமையாகவே செரிக்கிறது.

இந்தக் கூடை எதற்குப் பயன்படாது என்பதும் முக்கியம். எனக்கு நோய் உறுதியானது, மூன்று மாதங்களாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி, மலம் கழிப்பதோடும் அதன் தன்மை மாறுவதோடும் அந்த வலிக்குத் தொடர்பு என்று குடல் எரிச்சலைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் 4 வரையறைப்படி கேட்டறிந்து, இரத்தப் பரிசோதனைகளும் செய்த பிறகுதான். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கடையில் எதையும் வாங்கும் முன் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்றை இங்கே அழுத்தியே எழுதுகிறேன். மாதவிலக்கு நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போது குத்தும் வலி, உடலுறவில் வலி, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் மாதவிலக்கு வலி ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ் என்ற வேறு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு குடலின் மேலும் வளரக்கூடிய அந்த நோயை, குடல் எரிச்சல் என்று பெயர் சூட்டி ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளிய பெண்கள் ஏராளம். என்னைக் குடல் மருத்துவர் மகளிர் மருத்துவரிடமும் அனுப்பி, அது இல்லை என்று பார்த்த பிறகே இந்த நோட்டை எழுதச் சொன்னார்.

இதை எழுதும் இன்று எனக்குப் பதினேழாம் நாள். இசப்கோல் டப்பாவில் நான்கைந்து நாட்களுக்குத்தான் உமி இருக்கிறது. நாளை பள்ளி விட்டு வரும் வழியில் வாங்க வேண்டும், பின்புறத்தைப் படித்துவிட்டு. புதினாக் குளிகை அடுத்த வாரத்துக்குப் போதும். வெப்ப ஒட்டு ஒன்றுதான் மிச்சம். முதல் நாள் இம்முறை ஞாயிற்றுக்கிழமையில் விழும் என்று நோட்டு சொல்வதால், அது அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும்.